வட்டத்தைச் சுற்றினால் என்ன கிடைக்கும்? வல்லம் எஸ்.எஸ். பிள்ளை பற்றி ஒரு குறிப்பு

வீரகேரளம்புதூரில் ஓடும் சிற்றாற்றை எதிர்த்து மேற்கே போனால் தென்காசி, குற்றாலம். பக்கத்திலேயே வல்லம். 1901-இல் அங்கே பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எங்க பக்கம் அருவியைத் தெரியாதவர் இல்லை; இவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

நான் பி.இ. படிச்சப்போ கணக்குத் தாளில் அடிக்கடி வந்த கேள்வி: கோஷி–ரீமான் சமன்பாடுகளைப் போலார் வடிவில் நிறுவுக. மனப்பாடம் பண்ணி எழுதினேன், மார்க்கும் வந்தது. அது எதுக்குன்னு புரிஞ்சது இருபது வருஷம் கழித்து, பிள்ளையைப் பற்றித் தேடும்போதுதான்.

கலப்பெண்ணைத் தொலைவு, கோணம் என்று இரண்டால் சொல்லலாம். மையத்திலிருந்து வெளியே நகர்ந்தாலும், வட்டத்தில் சுற்றி நகர்ந்தாலும் வகைக்கெழு ஒன்றாகவே வரவேண்டும். அந்தச் சமன்பாடுகள் சொல்வது இவ்வளவுதான். மெய்ப்பகுதி வெளிநோக்கி மாறும் வீதமும், கற்பனைப்பகுதி கோணத்தோடு மாறும் வீதத்தை ஆரத்தால் வகுத்ததும் சமம். இரண்டையும் இடம் மாற்றினால் குறி மட்டும் மாறும். இந்த வீதங்கள் தொடர்ச்சியாகவும் இருந்தால், மையம் தவிர்த்த இடங்களில் சார்பு வகையிடத்தக்கது. சமன்பாடுகளின் மூலவடிவம் 1752-இல் தலாம்பேர் பாய்மங்களை ஆராய்ந்தபோதே வந்துவிட்டது. ரீமான் 1851-இல் தன் ஆய்வேட்டுக்கு அதையே அடித்தளமாக்கினார்.

இதில் ஒரு பரிசு இருக்கு. முழுச்சுற்று வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம். கோணவழி மாற்றம் மொத்தத்தில் பூஜ்ஜியம். ஆகவே வட்டத்தின் மேல் எடுத்த சராசரி, ஆரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. அடுக்குத் தொடரை வேண்டிய அடுக்கால் வகுத்துச் சராசரி எடுத்தால், அந்த ஒரு கெழு மட்டும் மிஞ்சும்; மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும். எண்ணிக்கைகளைக் கெழுக்களாக ஒளித்துவைத்து, வட்டத்தைச் சுற்றி வெளியே எடுப்பதுதான் 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் தந்த வட்டமுறை.

அந்த வழியில் வந்தவர் பிள்ளை. சென்னையில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை. எந்த முழு எண்ணையும் எழுத எத்தனை ஆறாம் அடுக்குகள் போதும்? 73 என்று 1940-இல் நிறுவினார். அதற்குக் குறைத்து முடியாது என்பதை நீங்களே சரிபார்க்கலாம்: 703-ஐ எழுதப் பத்து 64-களும் 63 ஒன்றுகளும் வேண்டும், அடுத்த ஆறாம் அடுக்கு 729. போதும் என்று காட்டுவதுதான் கஷ்டம்.

1950-இல் அமெரிக்காவில் உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. வயது 49.

அடுத்த முறை குற்றாலம் போனால், குளிச்சுட்டு அப்படியே வல்லம் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள்.