திருத்தணியும் லேசரும்: 1960

திருத்தணியில இருக்கிற எங்க சித்தப்பாவுக்கு உதட்டோட உள்பக்கம் பட்டாணி அளவுல ஒரு உருண்டை. வலி கிடையாது. "நூலைக் கட்டி விடு, தானா விழுந்துடும்"னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. பல் டாக்டர் லேசர்ல எடுத்துடலாம்னார். "வாய்க்குள்ள நெருப்பா?"ன்னு சித்தப்பா பயந்துட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தேடினப்ப கிடைச்ச கதை இது.

1960 திருத்தணிக்காரங்க மறக்காத வருஷம். ம.பொ.சி. முன்னின்ன வடக்கெல்லைப் போராட்டத்துக்கு அப்புறம், ஏப்ரல் 1-ம் தேதி ஊர் ஆந்திராவுலேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு, மே 16-ம் தேதி, கலிஃபோர்னியாவுல தியோடர் மைமன் உலகத்தோட முதல் லேசரை ஒளிர வச்சார். அது ரூபிக் கல் லேசர்.

வாய்ச்சதைக்கு ஒத்து வந்தது வேற. 1964-ல அமெரிக்காவோட பெல் ஆய்வுக்கூடத்துல கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடிச்சவர் நம்மாளு, மகாராஷ்டிராவுல பாராமதியில பிறந்த குமார் படேல். அப்போ நம்ம ஜனாதிபதி யாரு? திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணன்!

இந்த லேசரோட அலைநீளம் 10.6 மைக்ரான். தண்ணி இதை அப்படியே உறிஞ்சிடும். சதையில பெரும்பங்கு தண்ணிதானே? அதனால பட்ட இடம் மட்டும் ஆவியாகும், சூடு ஆழமாப் போகாது, சின்ன ரத்தக்குழாய்கள் அங்கேயே அடைபட்டுடும். 1970-களோட ஆரம்பத்துல பாஸ்டன் டாக்டர்கள் இதைக் குரல்வளை ஆபரேஷனுக்குப் பயன்படுத்தினாங்க. அப்புறம் வாய்க்கும் வந்துச்சு. இன்னிக்குப் பல் கிளினிக்குகள்ல டயோடு லேசரும் உண்டு. மரத்துப்போக ஊசி போடுவாங்க. தையல் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனா ஒரு விஷயம். கட்டி சாதாரணமானதான்னு சொல்றது லேசர் இல்லை, மைக்ரோஸ்கோப்பு. மொத்தமா ஆவியாக்கிட்டா சோதிக்க எதுவும் மிஞ்சாது. வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பணும். நூல் வைத்தியத்துலயும் இதே ஆபத்துதான், விழுந்த சதையை யார் சோதிக்கிறாங்க? வெத்தலை, புகையிலை போடுறவங்களுக்கு இது உயிர் பிரச்சினை.

சித்தப்பாவுக்குப் பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆச்சு. புகையிலைப் பழக்கம் உள்ளவர், அந்த வாரம் வீட்டுல யாரும் சரியாத் தூங்கலை. வந்தது ஃபைப்ரோமா, புத்துநோய் இல்லை. கூரான பல் ஒண்ணு உரசி உரசி வந்ததாம். அந்தப் பல்லையும் தேய்ச்சு விட்டாங்க, இல்லேன்னா திரும்பவும் வரும்.

அடுத்த கிருத்திகைக்கு 365 படியும் நடந்தே ஏறினார். பொட்டலத்தை இன்னும் விடலை. அதுக்கு எந்த லேசரும் கிடையாது.