காற்று கொண்டுவந்த மண்

1983 என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு நினைவுதான். அந்த ஆடி மாதத்தைப் பற்றி இந்த மலரில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வருடம், அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர், பெப்ரவரி 8ஆம் திகதி மெல்பேர்ண் நகரம் பட்டப்பகலில் இருண்டுபோனது எங்களில் பலருக்குத் தெரியாது. நான் இங்கு வந்து சேர்ந்தது 1989இல். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர்தான் வேலியடியில் நின்று அந்தக் கதையை எனக்கு முதன்முதல் சொன்னவர். உலகம் முடியப் போகுது எண்டு பயந்து தன் மனிசி செபமாலையை எடுத்திட்டா என்றார்.

அன்றைய வெயில் 43 பாகை. பிற்பகல் மூன்று மணியளவில் செந்நிறப் புழுதிச் சுவர் ஒன்று நகரத்தை நோக்கி வந்தது. அதன் உயரம் 300 மீற்றருக்கு மேல். தெருவில் நூறு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் புயல் அள்ளிக்கொண்டு போன மேல்மண் ஏறத்தாழ 50,000 தொன் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

நான் ஒரு தோட்டக்காரனின் மகன். வலிகாமம் வடக்கில் செம்பாட்டு மண்ணில் வளர்ந்தவன். கிழவர் இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து என் மனதில் ஒரு கேள்வி இருந்தது. மண் என்பது நிலையாக ஓரிடத்தில் கிடப்பது என்றல்லவா நினைத்திருந்தேன்? அது எப்படி எழும்பிப் போகும்?

பனியாறு அரைத்த மா

பதிலைத் தேடப்போனால் கதை பனிக்காலத்தில் தொடங்குகிறது. பெரிய பனியாறுகள் மலையிலிருந்து மெல்ல இறங்கும்போது அடியிலுள்ள கல்லைத் திரிகை போல அரைக்கின்றன. உருகிய நீர் அந்தக் கல்லையும் மாவையும் கொண்டுவந்து பள்ளத்தாக்குகளில் பரப்புகிறது. ஆறு பின்னர் தன் படுக்கையை ஆழமாக வெட்டிக்கொண்டு போக, பழைய படுக்கை படிபடியாக மேடைகளாக மிஞ்சுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்று அந்த மாவைக் கிளப்பி, மேடைகளிலும் மலைச்சரிவுகளிலும் போர்வை போலப் போட்டுவிடுகிறது. இதற்கு ஜேர்மன் மொழியில் வந்த பெயர் லோயஸ். தமிழில் காற்றடி வண்டல் என்று எழுதுவார்கள்.

இந்த மண்ணின் குணம் விசித்திரமானது. மணலைவிட நுண்மை, களியைவிடப் பருமன். விரலிடையில் தேய்த்தால் கோதுமை மாப் போல இருக்கும். ஏர் இலகுவாக இறங்கும், நீரைப் பிடித்து வைக்கும், புதிதாக அரைபட்ட கல்லானபடியால் பயிருக்கு வேண்டிய சத்தும் உண்டு. வெட்டினால் சுவர் போல நேராக நிற்கும். ஆனால் தண்ணீர் ஊறினால் அதே சுவர் பொலபொலவென்று இடிந்துவிடும். சீனாவின் ஷான்சிப் பகுதியில் மக்கள் இந்த மண்ணைக் குடைந்து குகை வீடுகளில் வாழ்ந்தார்கள். 1556இல் வந்த பூமியதிர்ச்சியில் அந்தக் குகைகள் இடிந்ததும் சேர்ந்து எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக வரலாறு கூறுகிறது. மஞ்சள் ஆறு மஞ்சளாக ஓடுவதும் இந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதால்தான்.

எங்களுக்குக் கிட்ட இதைப் பார்க்க வேண்டுமென்றால் நியூசிலாந்தின் கன்ரபெரிக்குப் போகவேண்டும். அங்கே திமாரு என்ற கடற்கரை ஊரில் ஜோன் ஹார்ட்காசில் என்பவர் மண் வெட்டுமுகங்களைக் கூர்ந்து பார்த்து, பழைய காலநிலை அந்தப் படைகளில் பதிவேடு போலப் பதிந்திருக்கிறது என்று 1890இல் எழுதினார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், ஒரு பத்திரிகையாளர்.

பார்ணா

அவுஸ்திரேலியாவில் கடைசிப் பனிக்காலத்தில் பனியாறு இருந்தது தஸ்மேனியாவிலும் ஸ்னோயி மலைகளின் உச்சியில் சிறிதளவும்தான். ஆனால் அந்தக் காலத்தின் வறட்சியும் காற்றும் இங்கேயும் இருந்தன. உள்நாட்டு ஏரிகள் வற்றின. வற்றிய ஏரிப்படுக்கையில் உப்போடு சேர்ந்த களி, சிறு சிறு உருண்டைகளாக உதிர்ந்தது. காற்று அதைத் தூக்கிக் கிழக்கே கொண்டுபோய் இறக்கியது. ரிவரைனாப் பகுதியின் மண்ணை ஆராய்ந்த பி. ஈ. பட்லர் என்ற விஞ்ஞானி 1956இல் இதற்குப் பார்ணா என்று பெயரிட்டார். புழுதி நிலத்தைக் குறிக்கும் ஆதிக்குடிகளின் சொல் அது. எந்த அளவு, எவ்வளவு தூரம் என்பதில் பின்வந்தவர்கள் அவரோடு முரண்பட்டாலும், தென்கிழக்கு அவுஸ்திரேலியாவின் மண்ணில் ஒரு பங்கு காற்று கொண்டுவந்தது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

அந்தக் காற்று குவித்த களிமேடுகளில்தான் முங்கோ ஏரிக்கரையும் ஒன்று. ஏறத்தாழ 40,000 வருடங்களுக்கு முன் அங்கே அடக்கம் செய்யப்பட்ட பெண்ணின் எலும்புகளை 1968இலும், ஆணின் எலும்புகளை 1974இலும் ஜிம் போலர் கண்டார். இந்த மண் வந்து இறங்கும்போதே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் இங்கு இருந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

நான் இந்த மண்ணைக் கையால் தொட்டது 1991இல், கிறிபித்தில் தோடம்பழம் ஆயப் போனபோது. செக்கச்செவேலென்று இருந்தது. ஊர் மண் போல இருக்குதே என்று ஒரு பிடி அள்ளித் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். களியாகக் கையில் ஒட்டிக்கொண்டது. கூட வந்த மானிப்பாய் அண்ணை சிரித்தார். "உது எங்கட மண் இல்லையடா தம்பி. உதுவும் வந்து குடியேறினதுதான்." அவர் பகிடிக்குச் சொன்னது விஞ்ஞானப்படி சரியென்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

வேர் போனபின்

வந்து குடியேறிய மண்ணை இவ்வளவு காலமும் பிடித்து வைத்திருந்தவை வேர்கள். விக்ரோரியாவின் வடமேற்கில் மாலி என்ற குட்டை யூக்கலிப்டஸ் மரங்கள் அந்த வேலையைச் செய்தன. பாரமான உருளைகளை இழுத்து மாலிக்காட்டை நசுக்கிச் சாய்க்கும் முறையைக் குடியேறியவர்கள் கண்டுபிடித்தார்கள். 1876இல் தென் அவுஸ்திரேலியாவில், அடிக்கட்டையில் முட்டினால் தானே எழும்பித் தாண்டும் கலப்பையும் வந்தது. காடு கோதுமை வயலாயிற்று. ஈரம் சேரட்டும் என்று மாதக்கணக்காக நிலத்தை உழுது வெறுமையாகப் போட்டார்கள். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கும் அங்கே காணி கொடுத்தார்கள். காணி போதாமலும் மழை பொய்த்தும் கடன் ஏறியும் பலர் விட்டுவிட்டுப் போனார்கள்.

1902இலும் 1928இலும் அவுஸ்திரேலியப் புழுதி தஸ்மான் கடலைத் தாண்டி நியூசிலாந்தில் விழுந்தது. 1938இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு மண் பாதுகாப்புக்கென்றே ஒரு சேவையை நிறுவியது. இன்று பெரும்பாலான விவசாயிகள் அறுவடைத் தாளை நிலத்திலேயே விட்டு, உழாமல் விதைக்கிறார்கள். ஆனாலும் நீண்ட வறட்சிக்குப்பின் 2009 செப்டம்பர் 23 அன்று சிட்னி செந்நிறத்தில் விடிந்ததை அங்குள்ள எங்கள் பிள்ளைகளும் பார்த்தார்கள். அந்த ஒரு புயலில் கரையைத் தாண்டிக் கடலுக்குப் போன மண் ஏறத்தாழ 25 இலட்சம் தொன். 1983, 2009. இரண்டு வருடங்களும் எங்களுக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாதவை.

எட்டுப் பரப்பு

ஐயாவுக்கு எட்டுப் பரப்புத் தோட்டக்காணி இருந்தது. அரை ஏக்கர். யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்து கிடப்பது. சில இடங்களில் இரண்டடி தோண்டினாலே கல் தட்டும். அந்த மெல்லிய மண்ணை எங்கள் முன்னோர் சும்மா வைத்திருக்கவில்லை. ஆட்டுப்பட்டி அடைத்தார்கள், பூவரசங் குழையும் பனையோலையும் தாட்டார்கள், சாணம் சுமந்தார்கள். "மண்ணுக்குச் சாப்பாடு போட்டுத்தான் நாங்கள் சாப்பிடவேணும்" என்பார் ஐயா. பிற்காலத்தில் உரப்பையை நம்பி அளவுக்கு மீறிக் கொட்டியதால் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியதும் எங்கள் கதைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1990 ஆனியில் அந்தக் காணியை விட்டு எங்கள் ஆட்கள் வெளிக்கிட்டார்கள். ஐயா திரும்பிப் பார்க்கவில்லை, காலமாகிவிட்டார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் காணி விடுபட்டது. மச்சான் போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னான். எல்லைக்கல்லைக் கண்டுபிடிச்சிட்டம், கிணறும் இருக்கு. ஆனால் மேல்மண்ணை வழிச்செடுத்து அணை கட்டியிருக்கு, பாதிக் காணியில் கல்தான் தெரியுது.

அன்றிரவு நான் ஒரு கணக்குப் போட்டேன். எட்டுப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர், நகத்தின் தடிப்பளவு மண் போனாலே இரண்டரைத் தொன் போகும். ஓரடி போயிருந்தால்? காணி திரும்பி வந்துவிட்டது. உறுதியில் எட்டுப் பரப்பு என்று இருக்கிறது. மண் வரவில்லை.

மண் என்று நாங்கள் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் நிலத்தின் எல்லையை மீட்பது ஒரு வேலை, அதன் மேல் கிடந்த மண்ணை மீட்பது இன்னொரு வேலை. ஓரங்குல மேல்மண் தானாக உருவாகப் பல நூறு வருடங்கள் செல்லும். ஊரில் காணி விடுபட்டவர்களுக்கு வேலி போடக் காசு அனுப்பும் உறவுகள், ஒரு லோட் எருவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். மச்சான் இப்போது அங்கே சணல் விதைத்து மடக்குகிறான். மூன்று போகம் கழித்து மண்புழு கண்டதாகச் சொன்னபோது அவன் குரல் தளதளத்தது.

வருடப்பிறப்பன்று நல்லநேரம் பார்த்து ஐயா தோட்டத்தில் நாலு கொத்துக் கொத்துவார். நானும் மெல்பேர்ண் வீட்டுப் பின்வளவில் அதைச் செய்கிறேன். கொத்தியதும் வைக்கோல் போட்டு மூடிவிடுகிறேன். பேரப்பிள்ளை ஏன் மூடுகிறீர்கள் தாத்தா என்று கேட்டாள். "பறந்து போகாமல் இருக்க" என்றேன்.