எண்ணெய் ஒரே நொடியில் இறுகுமா? செயற்கைக் காலிலும் ரோபோ கையிலும் வேலை செய்யும் ‘ஸ்மார்ட் திரவம்’!

செயற்கைக் கால் பொருத்தியவர் நடக்கும்போது, ஊன்றும் கணத்தில் முழங்கால் மூட்டு இறுக வேண்டும். தூக்கி வைக்கும்போது தளர வேண்டும். கொஞ்சம் நேரம் தப்பினாலும் ஆள் விழுந்துவிடுவார். சில நவீன செயற்கை மூட்டுகளில் இந்த வேலையைச் செய்வது ஒரு திரவம். எப்படின்னு பார்க்கலாம்.

ஸ்மார்ட் திரவம் என்றால் என்ன?

எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புத் துகள்களைக் கலந்திருப்பார்கள், அவ்வளவுதான். காந்தப்புலம் பட்டதும் துகள்கள் சங்கிலி போலக் கோத்துக்கொள்ளும். சில மில்லி நொடிகளில் எண்ணெய் களிம்பு போல இறுகிவிடும். காந்தப்புலம் போனால் மறுபடியும் பழைய எண்ணெய்தான்.

இதற்கு எம்.ஆர். திரவம் என்று பெயர். மின்புலத்தால் இறுகும் வகைக்கு ஈ.ஆர். திரவம் என்று பெயர். அமெரிக்காவின் ஜேக்கப் ராபினோவும் வில்லிஸ் வின்ஸ்லோவும் 1940-களிலேயே இவற்றை உருவாக்கிவிட்டார்கள்.

எங்கெல்லாம் பயன்படுது?

2002-ல் காடிலாக் செவில் கார் ஒன்றின் ஷாக் அப்சார்பரில் எம்.ஆர். திரவம் வந்தது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது இறுகித் தளரும். சீனாவின் டோங்டிங் ஏரிப் பாலத்தில், காற்றிலும் மழையிலும் கேபிள்கள் அதிராமல் இருக்க இதே திரவம் உதவுகிறது.

சென்சாருக்கு என்ன வேலை?

எப்போது இறுகணும்னு திரவத்துக்குத் தெரியாது. செயற்கை மூட்டில் சென்சார்கள்தான் மடங்கும் கோணத்தையும் விழும் எடையையும் அளக்கின்றன. அதை வைத்து உள்ளே இருக்கும் சிப், கம்பிச் சுருளுக்கு எவ்வளவு மின்சாரம் போகணும்னு முடிவு செய்யும்.

தடுக்கும்... ஆனால் தள்ளாது!

முக்கியமான விஷயம் இது: எம்.ஆர். திரவம் பிரேக் மாதிரி. அசைவைத் தடுக்கும், தானாக எதையும் தூக்காது. படி ஏற உந்துவிசை வேண்டுமென்றால் உடல் பலமோ மோட்டாரோ தேவை.

அப்போ மென் ரோபோ எப்படி அசையுது?

அதற்கு வேறு வழி இருக்கு. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகக் குழு 2018-ல் ‘ஹேசல்’ என்ற செயற்கைத் தசையை அறிமுகப்படுத்தியது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் சாதாரண மின்காப்பு எண்ணெய், மேலே மின்முனைகள். பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் மின்முனைகள் ஒன்றையொன்று இழுத்து எண்ணெயைப் பிதுக்கும். பை வடிவம் மாறும், தசை அசையும். இதை வைத்து ராஸ்பெர்ரி பழத்தையும் பச்சை முட்டையையும் நசுங்காமல் பிடித்துக் காட்டினார்கள்.

மின்னழுத்தம் எகிறி ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் ஓடிவந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். எவ்வளவு அசைந்திருக்கிறது என்பதையும் இந்தத் தசையின் மின்தேக்குத் திறனிலிருந்தே அளக்கலாம். அதாவது தசையும் சென்சாரும் ஒன்றே.

சிக்கல் என்ன?

இரும்பு கனமானது. பயன்படுத்தாமல் வைத்தால் அடியில் படியும், உரசி சீல்களைத் தேய்க்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மின்சாரம் நின்றால் எம்.ஆர். திரவம் தளர்ந்துவிடும். அதனால்தான் சில வடிவமைப்புகளில் நிரந்தரக் காந்தம் ஒன்றையும் சேர்க்கிறார்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓரளவு இறுக்கம் இருக்கும்.

இப்படிப்பட்ட செயற்கை மூட்டு வாங்க நினைப்பவர்கள் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் மூட்டு இறுகுமா, தளருமா?”