வலைச் செயலி உறைவு

சர்வரில் செயலி ஓடிக்கொண்டிருந்தும், வரும் கோரிக்கைகளுக்கு விடை தராமல் நின்றுபோகும் நிலை வலைச் செயலி உறைவு எனப்படும். புராசஸ் உயிரோடு இருக்கும், போர்ட் திறந்திருக்கும், லாகில் ஒரு பிழையும் இராது. ஏதாவது நடந்தால்தான் லாகில் வரி விழும். காத்திருக்கும் செயலிக்கு எழுத ஒன்றுமில்லை.

எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. டாம்கேட் சர்வரில் கோரிக்கைகளைக் கவனிக்க இயல்பாக 200 த்ரெட்கள் வரை உண்டு. ஜாவாவின் எச்டிடிபி இணைப்புக்கோ பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கோ டைம்அவுட்டை நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. வெளிச்சேவை ஒன்று பதில் தராமல் இழுத்தடித்தால், அதை அழைத்த த்ரெட்கள் ஒவ்வொன்றாகச் சிக்கும். கடைசி த்ரெட்டும் சிக்கியபின், அந்தச் சேவையோடு தொடர்பே இல்லாத பக்கங்களும் திறக்கா.

டேட்டாபேஸ் கனெக்ஷனை வாங்கிவிட்டுத் திருப்பித் தராத நிரலும் இதே விளைவைத் தரும். ஜாவாவின் ஹிகாரி கனெக்ஷன் பூலில் இயல்பு அளவு 10. கனெக்ஷன் கிடைக்காவிட்டால் 30 விநாடியில் பிழை எழுப்பும். காமன்ஸ் டிபிசிபி பூலோ, வரம்பு குறிக்காவிட்டால் முடிவின்றிக் காத்திருக்கும். ஒரே கோளாறு ஓரிடத்தில் கத்துகிறது, இன்னோரிடத்தில் வாய் திறப்பதில்லை.

உறைந்ததும் ரீஸ்டார்ட் செய்வதுதான் பரவலான வழக்கம். அதோடு தடயமும் போய்விடும். முதலில் த்ரெட் டம்ப் எடுக்க வேண்டும். ஜாவாவில் ஜேஸ்டாக் கருவி அல்லது லினக்ஸின் கில் -3 கட்டளை போதும். பெயர் அச்சுறுத்தினாலும் பின்னது ஜாவா புராசஸைக் கொல்லாது. பைத்தானுக்குப் பை-ஸ்பை உண்டு. சில விநாடி இடைவெளியில் இரண்டு மூன்று டம்ப் எடுத்து ஒப்பிட்டால், எல்லாவற்றிலும் அதே வரியில் நிற்கும் த்ரெட்கள் தெரியும். சாக்கெட்டைப் படிக்கும் வரியில் நின்றால் மறுமுனையில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பூலில் நின்றால் கனெக்ஷன் கசிவை ஐயுறலாம். ஒன்றையொன்று பூட்டிக்கொண்ட டெட்லாக் என்றால் ஜேஸ்டாக்கே அதைச் சொல்லிவிடும்.

சிபியு அளவும் பேசும். ஒரு கோர் முழுவதும் எரிந்தால் அது காத்திருப்பன்று, சுழற்சி. ஜாவா 7 வரை, பல த்ரெட்கள் பூட்டின்றி ஒரே ஹேஷ்மேப்பில் எழுதினால் அது விரிவடையும்போது உள்பட்டியல் வளையமாகி, தேடல் முடியாமல் சுழலக்கூடும்.

போஸ்ட்கிரெஸ் டெட்லாக்கைத் தானே கண்டு ஒரு தரப்பை ரத்துசெய்யும். ஆனால் டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா கிடக்கும் செஷன் பிடித்திருக்கும் பூட்டுக்கு, மற்றவை இயல்பாக வரம்பின்றிக் காத்திருக்கும். எந்த செஷன் பூட்டுக்குக் காத்திருக்கிறது, எது டிரான்சாக்ஷனோடு சும்மா கிடக்கிறது என்பதை அதன் செயல்பாட்டுப் பார்வையில் காணலாம். காலையில் வரும் முதல் கோரிக்கை மட்டும் உறைந்தால் ஃபயர்வாலைப் பார்ப்பது நல்லது. இரவு சும்மா இருந்த இணைப்பை அது சொல்லாமல் கைவிட்டிருந்தால், லினக்ஸ் ஏறத்தாழ 15 நிமிடம் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்தபிறகே கைவிடும்.

டைம்அவுட்டை வைக்க வேண்டிய இடம் செயலிக்குள்தான். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி இயல்பாக 60 விநாடியில் 504 காட்டிவிடும். பின்னால் அந்த த்ரெட் அப்போதும் சிக்கியே கிடக்கும்.