மாவுப்புழு சொன்ன சாட்சி

என் சின்னம்மாவுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அவள் மாமியார் குழந்தையைப் பார்க்க வரவில்லை. "அவ வயித்துல பொட்டதான் தங்கும்" என்று தெருவில் நின்று சொன்னார். குழந்தைக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள். சித்தப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பழிக்கான பதில் 1905இலேயே அச்சாகியிருந்தது. எழுதியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். 1861இல் பிறந்த தச்சரின் மகள். பள்ளி ஆசிரியையாக உழைத்துச் சேர்த்த பணத்தோடு முப்பத்தைந்து வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1903இல் பிரின் மார் பெண்கள் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார்.

அன்றைய அறிவியலும் தாயைத்தான் உற்றுப் பார்த்தது. 1889இல் கெடஸும் தாம்சனும் எழுதிய நூல், ஊட்டம் மிகுந்தால் பெண் உருவாகும் என்றது. ஸ்டீவன்ஸ் வாதாடவில்லை, எண்ணினார். மாவுப்புழுவில் விந்தணு உருவாவதை நுண்ணோக்கியில் படிப்படியாகப் பார்த்தார். பெண்ணின் உடலணுக்களில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. இனச்செல் உருவாகையில் இந்த எண்ணிக்கை பாதியாகிறது. ஆகவே கருமுட்டை ஒவ்வொன்றுக்கும் 10 பெரியவை. விந்தணுவிலோ இரண்டு வகை: பாதிக்கு 10 பெரியவை; மறுபாதிக்கு 9 பெரியவை, ஒரு சிறியது. முதல் வகை முட்டையைச் சேர்ந்தால் பெண், இரண்டாவது சேர்ந்தால் ஆண். அந்தச் சிறியதையே பின்னாளில் ஒய் குரோமோசோம் என்றார்கள். மனிதரிலும் அப்படித்தான். இதில் தந்தையையும் குற்றவாளி ஆக்க முடியாது. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை.

அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியே இதை ஒத்த முடிவுக்கு வந்தார். புகழில் பெரும்பங்கு அவருக்குப் போனது. பரம்பரையில் குரோமோசோமின் பங்கை நிறுவியதற்காக, ஸ்டீவன்ஸுக்கு ஆசிரியராயிருந்த மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டீவன்ஸ் 1912இலேயே மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தார். வயது ஐம்பது. பிரின் மார் அவருக்கென்றே ஏற்படுத்திய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை ஏற்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

போதும்பொண்ணு பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்து தன் அம்மாவிடம் சொன்னாள். சின்னம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இத உங்க அப்பத்தாகிட்டப் போயிச் சொல்லு" என்றாள்.