நீல மாளிகையில் முன்பு குடியிருந்தவர்கள்

பினாங்கு லீத் தெருவில் இருக்கும் நீல மாளிகையைக் கட்டியவர் சியோங் ஃபாட் ட்ஸே. 1840இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, இந்த வட்டாரத்தின் பெரும் வணிகர்களில் ஒருவரானவர். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதிவிட்டு 1916இல் இறந்தார். அந்த மகன் 1989இல் காலமான பிறகுதான் வீடு விலைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள் கொண்ட சிதிலம். பல வருட வேலைக்குப் பிறகு, 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்த வீட்டுக்குக் கிடைத்தது.

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது முன்மாதிரிக் கதை. ஆனால் இதில் ஒரு வரியை எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். கடைசிக் காலத்தில் அந்த வீடு காலியாக இல்லை. பல குடும்பங்கள் அறை அறையாக வாடகைக்கு இருந்தன. ஜார்ஜ் டவுனில் வீடு வாங்குவதன் வரலாறு அந்த வரியில்தான் இருக்கிறது.

இவ்வளவு பழைய கடைவீடுகள் இந்த ஊரில் எப்படி மிஞ்சின? நாம் பாரம்பரியத்தை அவ்வளவு நேசித்தோமா? அதைவிடப் பெரிய காரணம் ஒரு சட்டம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரி 1க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர விடாமல் பிடித்து வைத்தது. குடியிருப்பவரைச் சுலபத்தில் வெளியேற்றவும் முடியாது. வீட்டுக்காரருக்கு இடிக்க வழியில்லை, பழுது பார்க்க மனசில்லை. அந்த வாடகையில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாதே! வீடு பிழைச்சுது, ஆனா இளைச்சுது. அந்தக் குறைந்த வாடகையில்தான் தையற்காரர், தட்டார், பூக்கட்டுகிறவர், ஒட்டுக்கடைக்காரர் எல்லாரும் நகரத்தின் நடுவில் வாழ்ந்தார்கள். கீழே தொழில், மேலே குடும்பம்.

1997இல் சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. பினாங்கில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் இருந்தவை. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை ஏறியது, தாங்காதவர்கள் கிளம்பினார்கள். காலியான வீடுகளில் சிலவற்றின் சன்னல்களை அடைத்து, உள்ளே ஈரம் தெளித்து, கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். மனிதர் இருந்த வீட்டைவிடக் குருவி இருந்த வீடு லாபமாக இருந்த காலம் அது.

2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்களோடு, பல இனங்கள் சேர்ந்து வாழும் உயிருள்ள மரபும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு விலை ஏறியது, விருந்தினர் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. 2009இல் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த மரபுப் பகுதி மக்கள்தொகை, 2013இல் ஒன்பதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. எதற்காகப் பட்டியலில் சேர்ந்தோமோ அதுவே கரையத் தொடங்கியது.

சிவில் பொறியியல் படித்தவன் என்பதால், சுவரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கிறேன். பழைய கடைவீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. ஈரத்தைத் தடுக்கும் அடித்தடுப்பு பொதுவாக அதில் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகும். சுவர் மூச்சு விடுகிறது என்று சொல்வார்கள். புதிதாக வாங்கினவர் வெடிப்பைப் பார்த்துப் பயந்து சிமெண்ட் பூசுவார், மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பார். ஆறு மாதம் பளபளப்பாக இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். அதோடு வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லை மாவாக்கும். மாடியைத் தாங்கும் உத்தரங்களின் நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். பலமான பொருள் என்று நம்பிப் போட்டதே வீட்டைத் தின்றுவிடும்.

இந்தச் சுண்ணாம்பில் நமக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் வரும் 'சுனாம்' நம்முடைய சுண்ணம்தான். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளைக் கட்டட வேலையில் இறக்கினார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி மாதிரியான சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் இவற்றைக் குழைத்து அதன் உட்சுவர்களில் பூசியதை, கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பெயர் மெட்ராஸ் சுனாம்.

சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. அதை ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிட முடியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும். ஓடு விலகினால் அடுத்த மழைக்குள் சரிசெய்ய வேண்டும். கூரை ஒழுகுவது முதலில் யாருக்குத் தெரியும்? அதன் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குத்தான். வீட்டுக்காரர் கைவிட்ட காலத்திலும் வாளி வைத்தும் தகரம் செருகியும் அந்த வீடுகளை நிற்க வைத்தவர்கள் வாடகைக் குடும்பங்கள். இப்போது நாம் விலை கொடுத்து வாங்கும் 'பழமை'யில் அவர்களுடைய பராமரிப்பும் அடக்கம். ஆனால் எந்த விற்பனைப் பத்திரத்திலும் அதற்கு ஒரு சென்கூட எழுதப்படுவதில்லை.

வாங்குறவங்க எல்லாம் வில்லன் இல்லை. யாராவது பணம் போட்டிருக்காவிட்டால் நீல மாளிகையின் கதி என்ன ஆகியிருக்கும்? பழைய சட்டமும் நியாயமானதல்ல. பழுது பார்க்கும் செலவை அது யார் தலையிலும் வைக்கவில்லை. ஆனால் அதை நீக்கியபோது, குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் போதுமான ஏற்பாட்டையும் நாம் செய்யவில்லை. இன்று மரபு விதிமுறைகள் முகப்பையும் கூரையையும் 18 மீட்டர் உயர வரம்பையும் காக்கின்றன. உள்ளே யார் இருக்கலாம் என்பதை உரிமையாளரின் மனசாட்சிதான் முடிவு செய்கிறது.

அதனால் பழைய வீடு வாங்கப் போகிற நண்பர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. கூரையைப் பாருங்கள், உத்தர நுனியைக் குத்திப் பாருங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். கூடவே, கீழ்த்தளத்தில் இன்னும் யாராவது மிதியடி தைத்துக்கொண்டோ பூ கட்டிக்கொண்டோ இருந்தால், அவர் கட்டக்கூடிய வாடகைக்கு ஒரு நீண்ட கால ஒப்பந்தம் எழுத முடியுமா என்று கணக்குப் போடுங்கள். புதுப்பிக்கும் செலவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.