அடைமொழியும் அருட்சாதனமும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், ரவாங்கிற்கு அப்பால் இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் செரண்டா. அங்கிருந்து மேற்கே, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தையைக் கடந்து கோல சிலாங்கூர் வரையிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடந்தன. மலாயாவில் வாணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்திலேதான் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே மலாயாத் தோட்ட வாழ்வை நாவலாக்கி, 1930இல் பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசினைப் பெற்றார். துரையின் எழுத்து உலகப் புகழ் எய்தியது. அதே காலத்தில் லயன் வீடுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எதைப் படித்தனர், எம்மொழியின் துணையால் படித்தனர் என்பது இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய வரலாறாகும். அவ்வரலாற்றின் இரு சிறு கூறுகள் ஈண்டு ஆராயத்தக்கன. ஒன்று, ஆங்கில இலக்கணத்தில் பெயரடை, வினையடை பற்றிய பாடம். மற்றொன்று, கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் கற்ற அருட்சாதனப் பாடம்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்விரண்டிற்கும் தொடர்பே இல்லை எனத் தோன்றும். ஒன்று பள்ளிக்கூடத்தது, மற்றொன்று கோயிலினது. ஆயினும் இரண்டும் தோட்டத்துக் குழந்தையை ஏறத்தாழ ஒரே பருவத்தில் வந்தடைந்தன. கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாதிருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிருவாகத்தின்மேல் சுமத்தியது. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் வெளியிட்ட ஆணையோ, அறிவு தெளியும் பருவமாகிய ஏறத்தாழ 7 வயதிலேயே குழந்தைகள் நற்கருணை பெறலாம் என விதித்தது. எனவே எழுத்தறிவும் மறையறிவும் ஒரே வயதில் தொடங்கின. இரண்டிற்கும் வாயிலாய் அமைந்தது தமிழ்.

போருக்கு முந்திய தோட்டப் பள்ளிகளில் பொதுவாகத் தமிழும் கணக்குமே கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம் பட்டணத்துப் பள்ளிகளின் உடைமையாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதனையொட்டிய 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அந்நிலையை மாற்றின. மலாயும் ஆங்கிலமும் தமிழ்ப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடங்களாயின. அன்றுமுதல், தமிழ் கற்பிக்கவே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆங்கிலத்தின் சொல்வகைகளையும் விளக்க வேண்டியவரானார்.

தொல்காப்பியர் வகுத்த சொற்பாகுபாட்டில் பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கே உள்ளன. ஆங்கிலத்தின் பெயரடையும் வினையடையும் தனி வகைகளாக அங்கே நிற்கவில்லை. ஆயினும் தமிழாசிரியர் கைவறியவர் அல்லர். பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும்; வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும். ‘மெதுவான நடை’, ‘மெதுவாக நடந்தான்’ என்னும் இரண்டையும் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ‘ஆ’ என்னும் ஒரே வினையடியிலிருந்து பிறந்த ‘ஆன’ என்னும் பெயரெச்சம் பெயரைத் தழுவுகிறது. ‘ஆக’ என்னும் வினையெச்சம் வினையைத் தழுவுகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ என மாறுவதும் இத்தகைய வேறுபாடே என்று காட்டும்போது, அயல்மொழி விதி குழந்தைக்குத் தெரிந்த விதியின் உறவாகிவிடுகிறது.

ஒப்புமை மட்டுமன்று, வேற்றுமையும் தமிழ்வழியே விளங்கும். ‘நல்ல பையன்’ என்னும் தொடரில் வரும் ‘நல்ல’, ‘அவன் நல்லவன்’ என்னும்போது வினைமுற்றுத் தன்மை பெற்றுவிடுகிறது. அங்கே வேறு வினை வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் ‘குட்’ என்னும் சொல் ஈரிடத்தும் உருமாறாது நிற்கும்; முடிக்க ‘இஸ்’ என்னும் துணை வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் அத்துணைச் சொல்லை விட்டுவிடுவதற்குக் காரணம் கவனக் குறைவன்று. தாய்மொழியின் இலக்கணமே ஆகும். காரணம் அறிந்த ஆசிரியர் பிரம்பை நாடமாட்டார்.

இன்னும் நுண்ணிய இடமும் உண்டு. ‘ஹார்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் பெயரடையாகவும் வினையடையாகவும் உருமாறாது வரும். அதனோடு ‘லி’ சேர்த்து ‘ஹார்ட்லி’ என்றால் கடுமையாக என்னும் பொருள் மறைந்து, அரிதாகவே, இல்லை என்னுமளவிற்கு என்னும் பொருள் வந்துவிடும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, வெயிலேறும் வரை பால் வெட்டிய தந்தையின் உழைப்பைப் போற்ற நினைக்கும் சிறுவன், விதியை மட்டும் மனப்பாடம் செய்து ‘லி’ சேர்த்து எழுதினால், தந்தை உழைக்கவே இல்லை என்று எழுதியவனாவான். ஓர் அடைசொல்லின் ஈற்றெழுத்து ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பையே அழித்துவிடக் கூடும்.

அருட்சாதனப் பாடத்திலும் அடைமொழிக்கு இத்தகைய வலிமை உண்டு. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம் என அருட்சாதனங்கள் ஏழு. அவை ஏழே என்பதனைத் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547இல் உறுதிப்படுத்தியது. காணப்படும் அடையாளத்தின் வழியாகக் காணப்படாத அருள் கிட்டுகிறது என்பதே அக்கோட்பாட்டின் சாரம். ‘காணப்படும்’, ‘காணப்படாத’ என்னும் இரு பெயரெச்சங்களை நீக்கிவிட்டால் அங்கே கோட்பாடே இல்லை. அவ்வாறே திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையே பெறத்தக்கவை. நற்கருணையும் ஒப்புரவும் மீண்டும் மீண்டும் பெறத்தக்கவை. இவ்வேறுபாட்டைத் தாங்கி நிற்பவை வினையைத் தழுவும் அடைகளே. எச்சம் அறிந்த பிள்ளைக்கு இப்பாடம் எளிது. அறியாத பிள்ளைக்கு இது வெறும் ஒப்புவித்தல்.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர், மலேசியத் தமிழருக்குப் புதியவர் அல்லர். 1545இல் மலாக்காவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியாரே அவர். மலாக்கா வருமுன் அவர் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். தமிழ் அறியாத அவர், உள்ளூரார் துணைகொண்டு 1542இல் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடமாகக் கற்பித்தார். பிழைகள் பின்னரே புலப்பட்டன. 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இரு திருத்தங்களைக் குறிப்பிட்டார். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் அமைந்திருந்தது. அதனை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடப் பணித்தார். இயேசு பாடுபட்டதைக் கூறும் இடத்திலோ, வலுக்கட்டாயத்தால் என்னும் பொருள்படும் அடைசொல் புகுந்திருந்தது. அவர் தாமே விரும்பிப் பாடேற்றார் என்பதனால் அச்சொல்லை விலக்கச் சொன்னார். ஓர் அடைசொல் ஒரு சமயத்தின் நடுக்கொள்கையையே தலைகீழாக்கியிருந்தது. ‘ஹார்ட்லி’ எழுதும் தோட்டத்துச் சிறுவனின் பிழைக்கும் இதற்கும் இனத்தால் வேறுபாடில்லை.

அப்பிழைக்கு மருந்து இலக்கணமே என்பதைக் கண்டவர், 1546இல் இந்தியா வந்த போர்த்துக்கீசியத் துறவி அன்றிக்கே அன்றிக்கசு. இலத்தீன் இலக்கண முறையை அடியொற்றி, ஐரோப்பியருக்கெனத் தமிழ் இலக்கணம் ஒன்றை அவர் 1549ஆம் ஆண்டளவில் எழுதினார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஏட்டளவில் கிடந்த அந்நூல் 1982இல்தான் அச்சேறியது. அதே அன்றிக்கசுதான் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூலையும், 1579இல் கொச்சியில் ஆசிரியரும் மாணவரும் வினாவி விடைகூறும் முறையிலமைந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூலையும் அச்சிட்டவர். இலக்கணப் பாடமும் அருட்சாதனப் பாடமும் ஒரே மனிதரின் மேசையில் பிறந்தன என்பது மறக்கத்தகாத செய்தியாகும். பின்வந்த வீரமாமுனிவரும் தொன்னூல் விளக்கம் இயற்றியதோடு, இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணமும் வகுத்தார்.

ஆயினும் அன்றிக்கசு காலத்து நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல தமிழெழுத்தில் அப்படியே நின்றன. ஓசை தமிழாயிற்று, பொருள் தமிழாகவில்லை. அடுத்த காலத்தில் வடமொழிச் சொற்கள் அவ்விடத்தைப் பிடித்தன. ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், தேவதிரவிய அனுமானம், மெய்விவாகம் என்னும் சொற்களோடுதான் தமிழகத்துக் கத்தோலிக்கர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். பொதுமக்கள் மொழியில் வழிபடலாம் என்று 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இசைந்தபின், திருமுழுக்கு, ஒப்புரவு, திருவருட்சாதனம் ஆகிய சொற்கள் வழக்கில் ஊன்றின. ‘ஒப்புரவறிதல்’ எனத் திருக்குறளில் அதிகாரமே உண்டு. உலகத்தாரோடு ஒத்து வாழ்ந்து உதவும் பண்பைக் குறித்த அச்சொல், பிரிந்தவர் மீண்டும் ஒத்துப் போதலைக் குறிக்க முன்வந்தது. குறள் கற்ற மாணவனுக்கு அதன் பொருளின் பாதி முன்பே தெரியும். எஞ்சிய பாதியைக் கற்பித்தால் போதும்.

இங்கேதான் இன்றைய தமிழாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் உள்ளது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை தமிழ்ப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. 2012 முதல் அது படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. அயல்மொழியைக் கற்க அம்மொழியில் மூழ்கினால் போதும், தாய்மொழியின் இலக்கணம் தடையே என்னும் எண்ணம் மட்டும் இன்னும் பலரிடம் உள்ளது. சொல்லின் ஓசையைப் பலமுறை கேட்பதனால் நா பழகும் என்பது மெய்யே. நா பழகியது கொண்டு அறிவு தெளிந்தது என்று முடிவு கட்டலாகாது. முத்துக்குளித்துறையின் மக்கள் அந்த மன்றாட்டுகளைப் பிழையறக் கேட்டுப் பிழையற ஒப்புவித்தனர். பிழை மன்றாட்டிலேயே இருந்தது. அதனைக் கண்டுணரச் செய்தது பொருளாராய்ச்சியேயன்றி மனப்பாடம் அன்று.

செரண்டா வட்டாரத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயன்கள் மறைந்தன, மக்கள் பட்டணத்தை நோக்கிப் பெயர்ந்தனர். தோட்டம் அழிந்தாலும் அங்கிருந்து எடுத்துச் செல்லக்கூடிய உடைமை ஒன்று உண்டு. அது, புதியது எதுவாயினும் அதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி, அச்சொல்லின் வழியே அதன் பொருளுக்குள் புகும் பழக்கம். ஆங்கில இலக்கணமாயினும் சமயக் கோட்பாடாயினும் அறிவியலாயினும், தமிழ்ப் பிள்ளை அப்பழக்கத்தோடு அணுகினால் அது அவனுக்கு அயலதாக இராது. அப்பழக்கத்தை ஊட்டும் கடமை தமிழாசிரியருடையது. பெயரெச்சமும் வினையெச்சமும் கற்பிக்கும் நாளிலேயே அக்கடமை தொடங்கிவிடுகிறது.